முடித்த பாகத்தில் தாடைத் தடம் விழாமல் பிடிப்பது எப்படி?

சுங்கை ரம்பாயிலிருந்து மெர்லிமாவ் பாலிடெக்னிக்குக்கோ வேறு தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ போகிற பிள்ளைகள் லேத் பட்டறையில் சீக்கிரமே சந்திக்கும் சிக்கல் இது. தண்டின் ஒரு முனையைக் கடைந்து முடித்து, திருப்பிப் போட்டு இறுக்கினால், "அளவு சரிதான் சார், ஆனா கோடு விழுந்துடுச்சு" என்று வந்து நிற்பார்கள்.

கோடுதானே என்று விட முடியாது. 25 மி.மீ. தண்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு k6 பொருத்தம் கேட்டால், அளவு 25.002 முதல் 25.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடைவெளி வெறும் 0.013 மி.மீ.தான். தடத்தின் ஓரத்தில் எழும்பிய உலோகம் பேரிங்கை நேராக உட்கார விடாது. எமரித் தாளால் தேய்த்து மறைத்தால் அளவு குறைந்து, பேரிங் தளர்ந்துவிடும்.

தடம் ஏன் விழுகிறது?

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. சக்கின் கடினமான தாடைகள் மூன்று ஒடுங்கிய கோடுகளில்தான் தொடுகின்றன. பரப்பு சிறிது, அழுத்தம் பெரிது. மெதுவாக இறுக்கினால் போதுமா? போதாது, பாகம் வழுக்கிச் சுற்றும், கழன்று பறக்கவும் கூடும். எனவே தொடும் பரப்பைக் கூட்டுங்கள், அல்லது முடித்த பரப்பைத் தொடாமலே பிடியுங்கள்.

நான்கு வழிகள்

1. செம்பு அல்லது அலுமினியத் தகடு: ஒரே தடிப்புள்ள மூன்று துண்டுகளை ஒவ்வொரு தாடைக்கும் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மையம் விலகிப்போகும். இலேசான வெட்டுக்கு மட்டுமே இது.

2. பிளந்த புஷ்: பித்தளை வளையத்தைப் பாகத்தின் விட்டத்துக்குத் துளைத்து, ஒரு பக்கம் மட்டும் அறுத்து, பிசிறு நீக்குங்கள். முதல் தாடைக்கு நேராக ஒரு குறி போட்டால், அடுத்த முறையும் அதே இடத்தில் வைக்கலாம்.

3. மென் தாடை: தாடைகளின் உட்பக்கம் ஓர் உருளைத் துண்டை இறுக்கி வைத்து, முன்பகுதியைப் பாகத்தின் அளவுக்கே துளையுங்கள். துளை சிறிதானால் தாடையின் இரு ஓரங்களும் கடிக்கும்.

4. கொலெட், மாண்ட்ரல்: கொலெட் பாகத்தைச் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும், ஆனால் அதற்குரிய அளவுதான் வேண்டும். துளையுள்ள பாகத்தை மாண்ட்ரலில் ஏற்றினால் வெளிப்புறத்தைத் தொடவே வேண்டாம். அதன் சரிவு மீட்டருக்குச் சுமார் 0.5 மி.மீ. மட்டுமே, துளையில் எண்ணெய் தடவி ஏற்றுங்கள்.

எந்த வழியானாலும் முதலில் தாடையையும் பாகத்தையும் துடையுங்கள். இடையில் சிக்கிய ஒரு சிறு சீவல் போதும், எல்லாம் வீண். இறுக்கியதும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். சக் சாவியை எடுத்த பிறகே இயந்திரத்தை ஓட்டுங்கள்.

பயிற்சி வினா

மெல்லிய பித்தளை புஷ்ஷை மூன்று தாடைச் சக்கில் இறுக்கி உள்துளை கடைந்தபோது வட்டமாக இருந்தது. கழற்றியதும் வட்டம் கெட்டது. காரணமும் தீர்வும் கூறுக.

விடை: மூன்று இடத்தில் அழுந்தியதால் சுவர் வளைந்தது. வளைந்த நிலையிலேயே துளை வட்டமாகக் கடையப்பட்டது. தாடை விலகியதும் சுவர் பழைய நிலைக்கு மீண்டது. துளை மும்முனை வடிவம் பெற்றது. தீர்வு: பிளந்த புஷ் அல்லது அகன்ற மென் தாடையால் சுற்றிலும் பிடிக்க வேண்டும்.

காரணத்தை எழுதாமல் தீர்வை மட்டும் எழுதினால் விடை பாதிதான். ஆசிரியர்களே, இந்த ஒரு வினாவை வகுப்பில் செய்து காட்டுங்கள். பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது.