முதல்ல தொட்டி... அப்புறம்தான் மீன்!

மீன் வளர்க்கலாம்னு கடைக்குப் போறவங்க எல்லோரும் செய்யறது ஒண்ணுதான். முதலில் மீனைப் பார்ப்பாங்க. 'அம்மா, அந்த ஆரஞ்சு கலர்!' என்று வாண்டு கை நீட்டும். ரெண்டு கோல்டுஃபிஷ், ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவை, ஒரு பாக்கெட் தீனி. முடிஞ்சது ஷாப்பிங்! நாலாம் நாள் மீன் மல்லாந்து மிதக்கும். குழந்தை சாப்பிட மாட்டேன்னு அழும். 'நமக்கு மீன் ராசி இல்லே' என்று பாட்டி தீர்ப்பு சொல்லிவிடுவார்.

ராசியெல்லாம் ஒன்றும் இல்லீங்க. கோளாறு குடுவையில்!

மீன் விடும் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது மீனுக்கே விஷம். தண்ணீர் குறைவாக இருந்தால் ஓரிரு நாளிலேயே விஷம் ஏறிவிடும். தொட்டியில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள்தான் இதை நைட்ரைட்டாகவும், பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். 'சின்னத் தொட்டின்னா பராமரிப்பு சுலபம்' என்பது தப்புக் கணக்கு. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குப் பெரிசுதான் சுலபம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருந்தால் நல்ல ஆரம்பம். சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கப்பி, மோலி மாதிரி சின்ன மீன்களுக்குப் போதும். கோல்டுஃபிஷ் அரை அடிக்கு மேலும் வளரும். அதற்கு இதைவிடப் பெரிசு வேணும்.

உயரமாக, ஒல்லியாக, அழகாக ஒரு தொட்டியைக் காட்டுவார்கள். மயங்காதீங்க! காற்றிலுள்ள ஆக்ஸிஜன் தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான் கரைகிறது. அகலமான தொட்டிதான் மீனுக்கு நல்லது.

எடையை யாரும் யோசிப்பதில்லை. அந்த 2 அடித் தொட்டியே தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 70 கிலோவை நெருங்கும். டி.வி. ஸ்டாண்டு மேலேயோ ஃப்ரிட்ஜ் மேலேயோ வைக்கிற சமாசாரமா இது? உறுதியான இரும்பு ஸ்டாண்டு வாங்கி, ஆடாமல் சமமாக நிற்கிறதா பாருங்க. தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் ஷீட் கட்டாயம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். பாசி பிடித்தே நொந்து போவீங்க.

2 அடித் தொட்டிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். உயரம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடும். கண்ணாடியும் தடிமனாக வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கவே இருக்கு, வரிசையாகக் கடைகள். எந்த ஊர்க் கடையானாலும் மூலைகளில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்க. கூர்மையாக இருந்தால் வேண்டாம். சிலிகான் ஒட்டில் காற்றுக் குமிழ் தெரிந்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் வைத்து, தண்ணீர் ரொப்பி, ஒரு நாள் முழுக்கக் கசிகிறதா பாருங்க.

மூடி இல்லாத தொட்டியைத் தொடவே தொடாதீங்க. பாக்டீரியா வளர மீனில்லாமல் காத்திருக்கும் வாரங்களில் ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்கணும், தினமும் ஒரு சிட்டிகை தீனியும் போடணும். அப்போது தொட்டி திறந்திருந்தால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நாமே பிரசவ வார்டு கட்டிக் கொடுத்த கதைதான்! (மீன் வந்த பிறகு கவலை இல்லை. கப்பிக்குக் கொசுப் புழு என்றால் அல்வா.)

மோட்டார் வயர் ப்ளக்கில் சேருவதற்கு முன் கீழே தொங்கி வளைந்து மேலேறணும். அப்போதுதான் வயர் வழியே வழியும் நீர் ப்ளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை விடுமுன் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ப்ளக்கையும் உருவி விடுங்க.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் சுத்தம் செய்யும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்க, அல்லது ரப்பர் கையுறை போடுங்க. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி காயம் வழியாகப் புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் சாதாரண மாத்திரைக்கு மசியாது. டாக்டரிடம் 'வீட்டில் மீன் தொட்டி இருக்கு' என்று நீங்களே சொல்லிடுங்க. அவர் கேட்கத் தோன்றாமல் போகலாம். டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் மாற்றுகிற பழக்கமும் வேண்டாம். பத்து, இருபது ரூபாய் மிச்சம் பார்க்காமல் பம்ப் வைத்த டியூபாகவே கேட்டு வாங்குங்க.