டேனியல்களின் தென்னிந்திய நிலக்காட்சி அச்சோவியங்கள்

டேனியல்களின் தென்னிந்திய நிலக்காட்சி அச்சோவியங்கள் என்பவை, ஆங்கிலேய ஓவியர்களான தாமசு டேனியல் (1749–1840), அவரது அண்ணன் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) ஆகிய இருவரும் 1792–93 ஆம் ஆண்டுப் பயணத்தின்போது வரைந்த காட்சிகளைக் கொண்டு இலண்டனில் வெளியிட்ட செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் ஆகும். இவை 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளிவந்த "ஓரியண்டல் சீனரி" என்னும் தொகுப்பின் பகுதிகளாகும்.

வரலாற்றுப் பின்னணி

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பனியிடம் சென்றது. பழனி, பாலசமுத்திரம் முதலிய மலையடிவார ஊர்கள் இச்சீமையைச் சேர்ந்தவை. போர் முடிந்த சில மாதங்களிலேயே டேனியல்கள் இவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றனர்.

தொகுப்பின் நான்காம் பகுதி 1807 இல் 24 நிலக்காட்சிகளுடன் வெளியானது. பழனி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்திலுள்ள ஆத்தூர், பாபநாசம் அருவி, களக்காட்டுக்கு அருகிலிருந்து தெரியும் குமரிமுனை ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன.

செய்முறை

இப்படங்கள் அக்குவாடின்ட் என்னும் அமில அரிப்பு முறையில் ஆனவை. முதலில் செப்புத்தகட்டின் மீது அமிலம் தாக்காத மெழுகுக் கலவை பூசப்படும். அதில் ஊசியால் கீறிய கோடுகளை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். மலை, வானம் போன்றவற்றின் மென்னிழலுக்காகத் தகட்டில் குங்கிலியத் தூள் தூவிச் சூடாக்கி ஒட்டச்செய்வர். துகள்களுக்கு இடைப்பட்ட செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். வெளிறித் தோன்றவேண்டிய இடங்களை இடையிடையே வார்னிசால் மறைத்துவிட்டு, மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இடுவர். அரிப்பு ஆழமாக ஆக, அவ்விடம் கருமையாக அச்சாகும். அச்சிட்ட பின் தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது.

மனித உருவங்கள்

பெரும்பாலான நிலக்காட்சிகளில் மனிதர்கள் சிற்றுருவங்களாகவே உள்ளனர். மலையின் உயரத்தை உணர்த்துவதும் காட்சிக்கு அமைதியைத் தருவதும் இவ்வுருவங்களின் பணியாகும். இது அக்கால ஆங்கில நிலக்காட்சி ஓவிய மரபு. இவ்வகை ஓவியங்களில் உருவங்களைப் பின்னர் ஓவியக்கூடத்தில் சேர்ப்பதும் வழக்கமாக இருந்தது.

சான்றாகப் பயன்படுத்துதல்

ஒளிப்படக்கலை தோன்றுவதற்கு முந்தைய தென்தமிழகத்தைக் காட்டும் அரிய ஆவணங்கள் இவை. எனினும், நேரில் வரைந்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. எனவே மலைகளின் வடிவத்துக்கு இவற்றைச் சான்றாகக் கொள்ளும் அளவுக்கு, மக்களின் வாழ்நிலைக்குக் கொள்ள இயலாது. படங்களிலுள்ள அமைதி, அப்போதுதான் போரிலிருந்து மீண்டிருந்த சீமையின் முழு நிலையைக் காட்டுவதன்று.