இயந்திரத்தைத் திரையில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

சி.என்.சி. இயந்திரத்தில் புதிய நிரலை ஏற்றுவதற்கு முன், அதே இயந்திரத்தின் முப்பரிமாண மாதிரியைக் கணினித் திரையில் இயக்கி, ஸ்பிண்டிலோ டூல் ஹோல்டரோ எங்கேனும் இடிக்கிறதா என்று கண்டறிவது இயந்திர உருவகப்படுத்துதல் எனப்படுகிறது. டூல் செல்லும் பாதையைக் கேம் மென்பொருளிலேயே பார்க்கலாம் என்றாலும், அங்கே தெரிவது பெரும்பாலும் போஸ்ட் புராசஸர் அதை ஜி-கோடாக மாற்றுவதற்கு முந்தைய பாதையே. மாற்றத்தின்போது நுழையும் பிழைகளைப் பிடிப்பதற்காகவே வெரிகட் போன்ற மென்பொருள்கள் ஜி-கோடை வரிவரியாகப் படித்து மாதிரியை நகர்த்துகின்றன.

மாதிரி அமைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, எந்தப் பாகம் எதன்மேல் அமர்ந்து நகர்கிறது என்ற வரிசையை, அதாவது இயக்கச் சங்கிலியை, சரியாக நிறுவுவதாகும். சாயும் மேசையுடைய ஐந்து அச்சு மில்லிங் இயந்திரங்களில் ஒரு வகையை எடுத்துக்கொண்டால், அடிப்பாகத்திலிருந்து ஒரு கிளை எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் வழியாக ஸ்பிண்டிலுக்கும் டூலுக்கும் செல்ல, மற்றொரு கிளை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சாயும் ஏ அச்சு, அதன்மேல் சுழலும் சி அச்சு வழியாக ஃபிக்ஸ்சருக்கும் வெட்டப்படும் பொருளுக்கும் செல்கிறது. சி அச்சை ஏ அச்சின்மேல் ஏற்றாமல் நேரே அடிப்பாகத்தோடு இணைத்துவிட்டால், மேசை சாயும்போது பொருள் சாயாமல் அந்தரத்தில் நிற்கும்.

வரிசைக்கு அடுத்தது அளவு. கவனமெல்லாம் தேவைப்படுவது இங்கேதான். ஏ அச்சின் சுழற்சி மையம் மேசைப் பரப்பிலிருந்து இருக்கும் உயரத்தை 5 மி.மீ. தவறாகக் கொடுத்தால், 90 பாகை சாய்க்கும்போது பொருள் ஏறத்தாழ 7 மி.மீ. இடம் மாறித் தெரியும். ஹோல்டர் உண்மையில் முட்டும் இடம் திரையில் பாதுகாப்பாகத் தோன்றிவிடும். வெளிக்கவசத்தையும் கதவையும் அழகாக வரைவதில் செலவிடும் நேரத்தை, இந்த மையங்களை இயந்திரத்திலேயே அளந்து சரிபார்ப்பதில் செலவிடுவது எவ்வளவோ மேல்.

கட்டுப்பாட்டுக் கருவியின் குணத்தையும் மாதிரி அறிந்திருக்க வேண்டும். ஜி0 எனும் விரைவு நகர்வில் எக்ஸ் 100 மி.மீ., ஒய் 40 மி.மீ. போக வேண்டும் என்றால், டூல் எப்போதும் நேர்க்கோட்டில் போவதில்லை. இரு அச்சுகளும் தத்தம் முழு வேகத்தில், அவ்வேகங்கள் சமமாக இருக்கும்போது, முதல் 40 மி.மீ. வரை சாய்வாக ஓடி, எஞ்சிய 60 மி.மீ. தூரத்தை எக்ஸ் அச்சு மட்டும் கடக்கும். நேர்க்கோட்டுக்கு வெளியே இருந்த கிளாம்ப் இந்த வளைவில் சிக்கக்கூடும். ஃபானுக் கட்டுப்பாட்டில் நேர்க்கோடா, இந்த வளைந்த பாதையா என்பதை 1401ஆம் பாராமீட்டரின் ஒரு பிட் தீர்மானிப்பதால், இயந்திரத்திலுள்ள மதிப்பைப் பார்த்தே மாதிரியிலும் அமைக்க வேண்டும்.

அச்சுகளின் ஓட்ட எல்லைகளையும், எவை ஒன்றையொன்று நெருங்கினால் எச்சரிக்க வேண்டும் என்ற இணைகளையும் இறுதியில் கொடுக்கிறார்கள். இவ்வளவு கொடுத்தாலும், வைஸின் பிடி தளர்ந்திருப்பதோ, நீளமான டூல் வெட்டுவிசையில் வளைவதோ இத்தகைய வடிவியல் மாதிரிக்குத் தெரியாது. ஹோல்டருக்கு வெளியே டூல் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமும் செட்டிங் தாளில் எழுதியபடியே திரையில் இருக்கும் என்பதால், ஆபரேட்டர் டூலைச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினால், இடிக்காது என்று காட்டிய அதே நிரலில் ஹோல்டர் பொருளின் சுவரில் உரசும்.