நடுத்தர ஜோடியின் விலை

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் ஒருவர் கையில் இரண்டே சீட்டு. மேசை நடுவே முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் இன்னொன்று என ஐந்து சீட்டுகளைத் திறந்து வைப்பார்கள். அவை எல்லோருக்கும் பொது. முதல் மூன்றுக்கு ஃப்ளாப் என்று பெயர்.

இதில் ‘லிமிட்’ வகையில் பந்தயத் தொகைக்கு வரம்பு உண்டு. 4-8 டாலர் மேசை என்றால் முதல் இரண்டு சுற்றில் நாலு நாலு டாலராகத்தான் ஏற்றலாம். அடுத்த இரண்டில் எட்டு எட்டாக. சினிமாவில் வருவதுபோல மொத்தக் காசையும் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்ட முடியாது. (வரம்பு இருப்பதால்தான், இருவர் ஆடும் லிமிட் ஆட்டத்தை 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் கணினியால் ஏறத்தாழ முழுதாகவே கணக்குப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.)

மிரட்ட முடியாததால் அதிகம் தவிப்பவை எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி ஜோடிகள். சீட்டுப் போட்டதும் பெரும்பாலும் இவைதான் முன்னணியில் இருக்கும். ஃப்ளாப் திறந்ததும் நிலைமை மாறும். ஜாக்கி ஜோடி கையில் இருந்தால், அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது ஃப்ளாப்பில் விழ 57 சதவீத வாய்ப்பு. பத்துக்கு 69, ஒன்பதுக்கு 79, எட்டுக்கு 87. எதிரே ஒருவர்தான் என்றால் அந்தச் சீட்டு அவருக்கும் உதவாமல் போகலாம். ஐந்து பேர் இருந்தால் யாராவது ஒருவருக்கு உதவிவிடும்.

ஆகவே முதல் வேலை ஆளைக் குறைப்பது. கையில் பத்து ஜோடி, முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். 4 டாலர் மட்டும் கட்டி உள்ளே வருவது சிக்கனம்போலத் தெரியும், உண்மையில் ஊதாரித்தனம். அந்த விலைக்கு ஏஸும் மூன்றும் வைத்திருப்பவர்கூட எட்டிப்பார்ப்பார். 8 ஆக்குங்கள். கடைசி இடங்களில் இருக்கும் ஒருவர் ஏற்கெனவே 8 ஆக்கியிருந்தால் 12 ஆக்கி, மற்றவர்களுக்குக் கதவை அடைத்துவிடுங்கள். ஒன்பது ஜோடி தனியாக மோதினால் வெவ்வேறு இனத்து ஏஸ்-ராஜாவை நூற்றுக்குச் சுமார் 55 முறை வெல்லும். எதிரே இருப்பது ராஜா ஜோடி என்றால் 20 முறை வெல்வதே அரிது. அதனால், வாயே திறக்காத ஆசாமி முதல் இடத்திலிருந்து ஏற்றினால் எட்டு ஜோடியைக் கவிழ்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

நாலைந்து பேர் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால் கணக்கு வேறு. பணம் கட்டியவர்கள் இன்னொரு 4 டாலருக்குப் பயந்து ஓடமாட்டார்கள். எட்டும் ஒன்பதும் மலிவாக ஃப்ளாப்பைப் பார்க்கட்டும். மூன்றாவது எட்டு அங்கே கிடைப்பது சராசரியாக எட்டரை தடவைக்கு ஒன்று. கிடைக்காவிட்டால் பெரும்பாலும் விலகல்தான். ஜாக்கிக்கு மட்டும் அப்போதும் ஏற்றவே சொல்வேன்.

சோதித்துப் பார்க்க ஒரு சீட்டுக்கட்டும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். ஆன்லைனில் காசு கட்டிச் சோதிக்க வேண்டாம்; காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியிருக்கிறது.