மக்காச்சோளமும் பூஞ்சை நச்சும்

கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சையின் நச்சு ஒரு நாட்டின் விளைச்சலையே குலைக்கவல்லது. 1970ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்காச்சோள வயல்கள் இதனை உலகுக்கு உணர்த்தின.

ஒரே வகை விதை

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண் பூங்கொத்தும் தண்டின் இடையில் பெண் கதிரும் அமைந்துள்ளன. வீரிய ஒட்டு விதையை உருவாக்க, தாய்ச்செடிகளின் ஆண் பூங்கொத்துகளைக் கையால் அகற்ற வேண்டும். இதற்கு ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். 1940களில் டெக்சாஸ் மாநிலத்தில், மகரந்தம் உண்டாக்காத மக்காச்சோளம் கண்டறியப்பட்டது. தாய்வழியாகச் சைட்டோபிளாசத்தின் மூலம் கடத்தப்படும் இப்பண்பு, கைவேலையைத் தேவையற்றதாக்கியது. எனவே, 1970இல் அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த ‘டி’ சைட்டோபிளாசத்தையே கொண்டிருந்தது.

நச்சு செயல்படும் முறை

பைபோலாரிஸ் மேய்டிஸ் என்னும் பூஞ்சை இலைக்கருகல் நோயை உண்டாக்குவது. அதன் ‘டி’ இனம் தனிவகை நச்சொன்றைச் சுரந்தது. ‘டி’ சைட்டோபிளாசச் செடிகளின் மைட்டோகாண்டிரியா உட்சவ்வில் ஒரு சிறப்புப் புரதம் உள்ளது. ஆண் மலட்டுத்தன்மைக்குக் காரணமான அப்புரதமே நச்சுக்கும் வழிதிறந்தது. நச்சு அதனுடன் இணைந்ததும் சவ்வில் துளைகள் தோன்றும், ஆற்றல் உற்பத்தி தடைப்படும், செல் மடியும். நச்சு கலந்த நீரில் முளைக்கும் இவ்வகை நாற்றின் வேர் குன்றிவிடும். அதே நீரில் இயல்பான சைட்டோபிளாசம் கொண்ட நாற்று நன்கு வளரும். நோயுற்ற விதையிலிருந்து முளைத்த நாற்றுகள் சில வாரங்களில் வாடி மடிவதும் உண்டு.

இச்சைட்டோபிளாசம் நோய்க்கு எளிதில் இலக்காவதை 1961ஆம் ஆண்டிலேயே பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். ஆயினும், அவ்வெச்சரிக்கை உரிய கவனம் பெறவில்லை. 1970இல் வெப்பமும் ஈரமும் கூடிய வானிலையில், நோய் தென்மாநிலங்களிலிருந்து காற்றுவழியே வடக்கு நோக்கிப் பரவியது. நாட்டின் விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு அழிந்தது.

செடியின் தற்காப்பு

எல்லா நச்சுக்கும் மக்காச்சோளம் பணிந்துவிடுவதில்லை. காக்லியோபோலஸ் கார்போனம் என்னும் மற்றொரு பூஞ்சை, எச்.சி. நச்சைச் சுரக்கிறது. மக்காச்சோளத்தின் எச்.எம்.1 மரபணு ஒரு நொதியை உருவாக்கி, அந்நச்சை வேதிமாற்றம் செய்து வலுவிழக்கச் செய்கிறது. 1992இல் பிரித்தறியப்பட்ட இம்மரபணுவே, தாவரங்களில் அவ்வாறு பிரித்தறியப்பட்ட முதல் நோய் எதிர்ப்பு மரபணு ஆகும். இம்மரபணுவும் இதனையொத்த காப்பும் இல்லாத இரகங்களே அப்பூஞ்சைக்குப் பெரிதும் இரையாகின்றன.

பன்மையே காப்பு

1970க்குப் பின் விதை நிறுவனங்கள் இயல்பான சைட்டோபிளாசத்திற்குத் திரும்பின. ஆண் பூங்கொத்தை அகற்றும் பணி மீண்டும் தொடங்கியது. கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களும் அதில் ஈடுபட்டனர். நோயுற்ற பயிர்க்கழிவை மண்ணில் புதைத்து உழுதல், பயிர்ச்சுழற்சி, எதிர்ப்புத்திறன் மிக்க இரகங்களைப் பயிரிடுதல் ஆகியன நோயைக் கட்டுப்படுத்தும் வழிகளாகும்.

அன்று வயல்களை வீழ்த்தியது நச்சு மட்டுமன்று. எங்கும் ஒரே வகையை விதைத்த ஒருமையும்தான். ஒரு வகை வீழ்ந்தாலும் பிறிதொன்று நிற்குமாறு பல வகைகளைப் பேணுதலே, எளிதில் குலையாத பயிர்க்காப்பாகும்.