மிங்க் விலங்கின் நிறங்கள்

மிங்க் என்னும் சிறு விலங்கை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. வட அமெரிக்காவின் ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் மீனும் எலியும் பிடித்துத் தின்று வாழ்வது அது. அதன் நீண்டு மெலிந்த உடல் கீரியை நினைவூட்டும். எனினும் அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டில் வாழும் மிங்கின் நிறம் கரும்பழுப்பு. மென்மையும் பளபளப்பும் மிக்க அதன் மயிர்த்தோலுக்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மக்கள் அதனைப் பண்ணைகளில் வளர்க்கத் தொடங்கினர்.

பண்ணைகளில் பல்லாயிரம் குட்டிகள் பிறக்கையில், என்றேனும் ஒன்று புதுநிறத்தோடு பிறக்கும். 1931-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிநீல நிறம் தோன்றியது. அதனைப் பிளாட்டினம் என்றனர். 1941-இல் ஆரிகன் மாநிலத்தில் துப்பாக்கி இரும்பு போன்ற கருஞ்சாம்பல் நிறம் தோன்றியது. அதற்கு அலூஷியன் என்று பெயர்.

இவ்விரண்டையும் இணைத்தால் எந்நிறக் குட்டி பிறக்கும்? வகுப்பில் இப்படிக் கேட்டால், சாம்பல் என்றே மாணவர் விடை கூறுவர். ஆனால் பிறப்பவை யாவும் பழுப்பு நிறக் குட்டிகளே!

காரணத்தைக் காண்போம். ஒவ்வொரு மரபணுவும் உடலில் இரட்டையாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. இரண்டும் மாறியிருந்தால்தான் பிளாட்டினம் நிறம் வெளிப்படும். அலூஷியனும் அவ்வாறே, ஆனால் அதற்குரிய மரபணு வேறு. ஆகவே ஒரு பெற்றோரிடம் மாறியுள்ள மரபணு மற்றவரிடம் பழுதின்றி இருக்கிறது. குட்டிக்கு இரண்டிலும் நல்ல பிரதி ஒவ்வொன்று கிடைத்துவிடுவதால் பழுப்பு நிறம் மீள்கிறது.

அப்பழுப்புக் குட்டிகள் வளர்ந்து தமக்குள் இணைந்தால், பதினாறுக்கு ஒன்பது பழுப்பு, மூன்று பிளாட்டினம், மூன்று அலூஷியன் என்னும் விகிதத்தில் குட்டிகள் பிறக்கும். எஞ்சிய ஒன்றில் இரு மாற்றங்களும் கூடி, இளநீல நிறம் அமையும். இதுவே சஃபையர், அதாவது நீலக்கல் என்னும் வகை. 1865-இல் மெண்டல் தம் பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கிய அதே விகிதம் இது.

கணக்கு இத்துடன் முடிந்தது. உயிரின் கதை முடியவில்லை. மயிரின் நிறத்தைத் தருபவை மெலனின் என்னும் நிறமித் துகள்கள். பிளாட்டினத்தில், அத்துகள்களைச் சீராகப் பரப்பும் ஏற்பாடு பழுதுபட, அவை திரளாகத் தேங்குகின்றன. மயிர் வெளிறித் தோன்றுகிறது. அலூஷியனில் துகள்களே மிகப் பெருத்துவிடுகின்றன. ஆனால் அந்த மரபணுவின் வேலை மயிரோடு நிற்பதன்று. நோய்க்கிருமிகளை அழிக்கும் வெள்ளணுக்களிலுள்ள துகள்களும் அதனாலேயே ஒழுங்குபெறுகின்றன. அவையும் பெருத்துவிடுவதால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. மனிதரிடத்தும் இதே மரபணு பழுதுபட்டால் செடியாக்-ஹிகாஷி என்னும் கொடிய நோய் உண்டாகிறது. பண்ணைகளில் பரவும் ஒரு நச்சுயிரி நோய், இவ்வகை மிங்குகளில் முதலில் அறியப்பட்டமையால், 1956 முதல் அலூஷியன் நோய் என்றே வழங்குகிறது. பிற நிற மிங்குகளையும் அது பற்றும். எனினும் அலூஷியன் மரபணுவை இரட்டையாக உடையவற்றை மிக விரைவில் கொல்லும். சஃபையரும் இதற்கு விலக்கன்று.

ஹெட்லண்ட் என்னும் வெண்ணிற மிங்கோ பிறவிச் செவிடு. கேட்கும் ஆற்றலுக்கு உட்செவியிலும் நிறமி உயிரணுக்கள் வேண்டும். அவை அங்கும் இல்லாமற்போவதால் வந்த குறை அது.

மாணவர்களே, நிறத்தை மட்டும் விரும்பித் தேர்ந்தவர்கள், அறியாமலே நோயையும் செவிட்டையும் சேர்த்துத் தேர்ந்துவிட்டனர். அதன் துன்பத்தை அனுபவித்ததோ வாயற்ற விலங்கு. நாயாயினும் மாடாயினும், ஓர் உயிரின் ஒரு பண்பை விரும்பி வளர்க்க முற்படுவோர், அம்மரபணு உடலில் வேறென்ன பணி செய்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும். நான் கூறிய விகிதத்தை நீங்களே பதினாறு கட்டங்கள் வரைந்து சரிபாருங்கள். சஃபையர் அமரும் அந்த ஒற்றைக் கட்டத்தில், நிறத்தின் பெயரோடு நோயின் பெயரையும் எழுதி வையுங்கள்.