உறவும் ஊரும் எப்போது கைகொடுக்கும்?

வீட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. உடனே பணம் வேண்டும். யாரைக் கூப்பிடுவீர்கள்? பங்காளி, மச்சான், பக்கத்து வயல்காரர், மகளிர் குழுத் தலைவி என்று சிலர் நினைவுக்கு வருவார்கள். இவர்களின் தொகுப்புதான் சமூக வலைப்பின்னல் (அவசரத்தில் ஒருவருக்கொருவர் உதவும் உறவுகள்).

இது உண்மையில் குடும்பத்தைத் தாங்குமா? தாங்கும். தெலங்கானா, மகாராஷ்டிரத்தின் மூன்று மானாவாரிக் கிராமங்களை ஆராய்ந்து, பொருளியலாளர் ராபர்ட் டவுன்சென்ட் 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு வீட்டின் வருமானம் விழுந்தாலும் அதன் செலவு அதே அளவுக்கு விழவில்லை. ஊரின் பொது நிலையை ஒட்டியே செலவு ஏறி இறங்கியது.

எல்லோருக்கும் அப்படித்தானா? இல்லை. அவற்றுள் ஒரு கிராமத்தில் நிலமில்லாதவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு குறைவாக இருந்தது. நம் ஊர்களிலும் கைமாற்று பெரும்பாலும் சாதிக்குள்ளேயே சுற்றுகிறது. திருப்பித் தர வழியில்லாத வீட்டுக்குக் கேட்கவே தயக்கம்.

மொய் விருந்தும் இந்த வகையா? ஆம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் பலர் சேர்ந்து கறி விருந்து வைப்பார்கள். வருபவர் எழுதும் மொய் நோட்டில் ஏறும். வட்டி கிடையாது. ஆழ்துளைக் கிணறு, வீடு, படிப்பு என்று மொத்தமாகப் பணம் தேவைப்படுவோருக்கு அது பெரிய உதவி.

அப்படியானால் அது இலவசப் பணமா? இல்லவே இல்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்வதோடு, மேலே புது மொய்யும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் பணத்தோடு உறவும் முறியும். ஆகவே வாங்கும் நாளிலேயே யாருக்கு எவ்வளவு என்று தனி நோட்டில் எழுதி, ஆண்டுதோறும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். வந்த பணத்தை விளைச்சலோ வருமானமோ தரும் செலவில் போடுங்கள்.

ஊரே அடிபட்டால்? அங்கேதான் இந்த வலை அறுந்துபோகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்த வட்டாரத்தில் தென்னைகளைச் சாய்த்தபோது, கொடுக்க வேண்டியவரும் கேட்க வேண்டியவரும் ஒரே நாளில் வருமானத்தை இழந்தார்கள். இதைப் பொது இடர் (எல்லோரையும் ஒன்றாகத் தாக்கும் கேடு) என்பார்கள். பக்கத்து வீட்டு நல்ல மனம் இதற்குப் போதாது.

அதற்கு என்ன செய்யலாம்? முதலில், ஊருக்கு வெளியே இருக்கும் உறவுகளை விட்டுவிடாதீர்கள். திருப்பூரில் வேலை செய்யும் தம்பிக்கும் சிங்கப்பூரில் இருக்கும் மருமகனுக்கும் அந்தப் புயலால் சம்பளம் நிற்காது. அடுத்து, பயிர்க் காப்பீடு செய்யுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் குறுவை நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடும், சம்பாவுக்கு 1.5 விழுக்காடும்தான் உங்கள் பங்கு. தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் தனித் திட்டம் உண்டு.

மகளிர் குழு எதற்கு? தருமபுரியில் 1989இல் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய குழுக்கள், நிலம் இல்லாதவர்களுக்கும் வங்கிக் கடன் வாங்கித் தருகின்றன. உறவினரிடம் கேட்கக் கூசுகிற பெண்ணுக்கு இது மானத்தோடு பணம் கிடைக்கும் வழி.

உங்கள் தெருவில் குழுவில் சேராமல், மொய்க்கும் அழைக்கப்படாமல் இருக்கும் வீடு எது? அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு மாதம் ஒரு மணி நேரச் செலவு. அவர்களுக்கு அது கந்துவட்டியிலிருந்து தப்பும் வழி.